வேப்பமரமும் ஒரு வழக்கும்

2000-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி, ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் உள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், தான் கொடுத்த ஒரு காப்புரிமையைத் தானே ரத்து செய்தது. வேப்பங்கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயைக் கொண்டு பயிர்களில் வரும் பூஞ்சண நோயைக் கட்டுப்படுத்தும் முறை ஒன்றுக்காக, அமெரிக்க அரசின் விவசாயத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற கம்பெனியும் சேர்ந்து வாங்கியிருந்த காப்புரிமை அது.

"நம்ம ஓலைச்சுவடியைக் காட்டி அமெரிக்காக்காரனைத் தோற்கடித்தோம்" என்று இந்தக் கதையைப் பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. அந்த வழக்கின் மையக் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பயன் முன்பே தெரியும் என்கிறீர்களே, அதற்கு என்ன அத்தாட்சி? வேம்பின் பயன்கள் பற்றிப் பள்ளிக்கூடக் கட்டுரைகளில் எல்லோரும் எழுதியிருப்போம். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அதே பயன்களைத் திரும்பப் பார்த்தால், எதெதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது, எதெதற்கு இல்லை என்பது தெரியவரும். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பூவும் பெயரும்

தமிழில் வேம்புக்குப் பழைய சான்று பூவில் இருக்கிறது. சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று மூவேந்தர் சூடிய பூக்களைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் குறிப்பிடுகிறது. பாண்டியனுக்கு வேம்பன் என்றே ஒரு பெயர் உண்டு. இத்தனை கசப்பான மரத்தின் பூவை ஓர் அரச குலம் ஏன் அடையாளமாக எடுத்துக்கொண்டது என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. அந்தப் பூ நல்ல மணம் உடையது என்பது, பங்குனி சித்திரையில் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்தவர்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதியது பிறகுதான். கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-ல் அங்கேயே அச்சிட்ட மருந்து நூலில் 'நிம்போ' என்ற பெயரில் வேம்பைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் வேம்புக்கு வழங்கிய 'மார்கோசா' என்ற பெயர், போர்ச்சுகீசிய மொழியில் கசப்பு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. லின்னேயஸ் 1753-ல் இதை மலைவேம்பின் இனத்தில் சேர்த்தார். 1830-ல் ஜூஸ்ஸியூ தனி இனமாகப் பிரித்து 'அசாடிரக்டா இண்டிகா' என்று பெயர் வைத்தார். முதல் சொல் பாரசீகம், இரண்டாவது இந்தியாவைக் குறிப்பது.

ஆக, மரம் இங்கே உள்ளது என்பதற்குச் சான்றுக்குக் குறைவில்லை. பயனுக்குத்தான் சான்று தேட வேண்டியிருக்கிறது.

தச்சர் கையில்

வேம்பு, மகோகனி மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெளிப்புறக் கட்டை வெளுப்பாகவும், உள்ளே வைரம் பாய்ந்த பகுதி சிவப்பாகவும் இருக்கும். புதிதாக அறுத்த பலகையில் ஒரு வாசனை வரும். கரையானும் வண்டும் எளிதில் அண்டாது. அதனால்தான் தேக்கு வாங்க வசதி இல்லாதவர்கள் நிலைக்கும் கதவுக்கும் வேம்பைத் தேடினார்கள். வண்டி அச்சு, நுகத்தடி, கலப்பை, பெட்டி என்று கிராமத்தில் அது போகாத இடம் குறைவு.

குறையும் உண்டு. வேம்பின் ரேகை ஒரே பக்கமாக ஓடாது, பின்னிப் பின்னி ஓடும். இழைப்புளியை ஒரு திசையில் தள்ளினால் ஓரிடம் வழுவழுப்பாக வரும், பக்கத்திலேயே நார் பிய்ந்து நிற்கும். பளபளப்பும் தேக்கைப் போல ஏறாது. அதனால் மாளிகை மேசை நாற்காலிகளில் வேம்பு அதிகம் இடம்பெறவில்லை. விலை உயர்ந்த மரங்களுக்கு அரசாங்கக் கணக்கும் ஏலப் பட்டியலும் இருந்தன. வீட்டுக் கொல்லையில் வெட்டிய வேம்பை வைத்து உள்ளூர் ஆசாரி செய்த நுகத்தடிக்கு யார் கணக்கு எழுதினார்கள்?

இதற்குப் பெரிய விதிவிலக்கு ஒரிசாவின் பூரி. அங்கே ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை, சுதர்சனம் ஆகிய நான்கு மூர்த்தங்களும் கல்லோ உலோகமோ அல்ல, வேப்பமரம். மரம் நாளாக ஆகப் பழுதுபடும் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கென்றே ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள். ஆடி மாதத்துக்கு இணையான ஆஷாட மாதம் இரண்டு முறை வரும் ஆண்டில் பழைய திருமேனிகளை விட்டுப் புதியவை செய்கிறார்கள். நவகளேபரம் என்று பெயர். புது உடல் என்று பொருள். 1912, 1931, 1950, 1969, 1977, 1996, 2015 ஆகிய ஆண்டுகளில் நடந்திருக்கிறது.

இதற்கு எந்த வேப்பமரமும் ஆகாது. காகத்பூர் மங்களா கோயிலில் வேண்டிக்கொண்டு ஒரு குழு புறப்படும். ஆறு அல்லது குளம் அருகில் இருக்க வேண்டும், சுடுகாடு பக்கத்தில் இருக்க வேண்டும், அடியில் புற்று இருக்க வேண்டும், பறவைக் கூடு இருக்கக் கூடாது, பட்டையில் சங்கு சக்கரம் போன்ற குறி தெரிய வேண்டும் என்று நிபந்தனைகள் நிறைய. நான்கு பேருக்கும் நான்கு தனி மரங்கள். பரம்பரைத் தச்சர்கள் கோயில் வளாகத்துக்குள் மறைவாகச் செதுக்குகிறார்கள். பழையவற்றை அங்கேயே புதைக்கிறார்கள்.

பக்தி ஒருபுறம் இருக்கட்டும். வேப்பமரச் சிற்ப வேலை இன்ன ஆண்டு, இன்ன மரத்தில், இன்ன குடும்பத்தார் கையால் நடந்தது என்று தெளிவாகச் சொல்லக்கூடிய இடம் இந்தியாவில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கோயில் எழுதி வைத்தது, சான்று நின்றது.

வீட்டில்

நெல் குதிரிலும் பயறுப் பானையிலும் காய்ந்த வேப்பிலை போடுவது, புத்தக அலமாரியில் இலை வைப்பது, மாலையில் மூட்டம் போடுவது, அம்மை கண்ட வீட்டில் இலை சொருகுவது, சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு விஷயம்: பல்லுக்கு உறுதி என்று பழமொழி சொல்லும் ஆலும் வேலும் என்பதில் வரும் 'வேல்' வேம்பு அல்ல, கருவேலம். வேப்பங்குச்சியில் பல் துலக்கும் வழக்கம் உண்மை, பழமொழி அதற்கு இல்லை :-)

சோப்பின் கதை சுவையானது. வேப்பெண்ணெய் நாற்றமும் கசப்பும் உள்ளது, சமையலுக்கு ஆகாது, விளக்குக்கும் வண்டி மசகுக்கும்தான் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. சுதேசி உணர்ச்சியோடு 1916-ல் தொடங்கப்பட்ட கல்கத்தா கெமிக்கல் கம்பெனி, அந்த எண்ணெயைச் சுத்தப்படுத்தி 'மார்கோ' சோப்பு போட்டது. மேலே சொன்ன மார்கோசாதான் பெயருக்கு மூலம். போர்ச்சுகீசியன் வைத்த பெயர் சுதேசி சோப்புக்கு!

வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுப்பது பற்றி மட்டும் எச்சரிக்கையாக எழுத வேண்டியிருக்கிறது. மலேசியாவில் கைக்குழந்தைகளுக்குச் சளி போன்ற சின்ன உபாதைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டி, வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று ஆபத்தான நிலைக்குப் போனதை அங்குள்ள மருத்துவர்கள் 1981-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். மூளையையும் ஈரலையும் தாக்கும் நோய் அது. காலங்காலமாகச் செய்கிறோம் என்பது மட்டும் ஒரு பழக்கத்துக்கு நற்சான்றிதழ் ஆகிவிடாது. குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் வாயில் கொடுக்கவே கூடாது.

வெட்டுக்கிளி தின்னாத மரம்

விஞ்ஞானம் வேம்பின் பக்கம் வந்தது இரண்டு வழியில். முதல் வழி மருந்து. பிராங்பர்ட்டில் படித்துவிட்டு வந்த சலிமுஸ்ஸமான் சித்திக்கியை, டெல்லியில் யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கான் தம் கல்லூரியில் ஆராய்ச்சிக்கு அமர்த்தினார். வைத்தியர்கள் பயன்படுத்தும் மூலிகைகளில் உள்ள வேதிப்பொருளைப் பிரித்தெடுப்பதே வேலை. சித்திக்கி 1942-ல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலான கசப்புப் பொருள்களைப் பிரித்தார். பின்னால் பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டு விஞ்ஞானத்துக்கே மூத்தவர் ஆனார்.

இரண்டாவது வழி பூச்சி. 1959-ல் சூடான் நாட்டில் இருந்த ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிச் ஷ்முட்டரர், வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டுப் போன இடத்தில் வேப்பமரங்கள் மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்தார். மூன்று வருடம் கழித்து, 1962-ல், டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பிரதான் என்பவரும் அவர் குழுவினரும், வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்துத் தண்ணீரில் கரைத்துப் பயிரில் தெளித்தார்கள். வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது, தின்னவில்லை. அதை அவர்கள் எழுதி வெளியிட்டும் இருக்கிறார்கள்.

அந்தப் பொருள் எது என்பதை இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் இருவரும் 1968-ல் பிரித்து எடுத்தார்கள். அதுதான் அசாடிரக்டின். பூச்சியைச் சட்டென்று கொல்வது இதன் வேலையல்ல. தின்ன விடாமல் செய்கிறது; தின்றாலும் தோலுரித்து வளர விடாமல் அதன் ஹார்மோனைக் குழப்புகிறது. இந்த மூலக்கூறு எவ்வளவு சிக்கல் என்றால், அதைச் சோதனைச்சாலையில் முழுமையாகச் செய்து முடிக்கக் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 வருடம் ஆனது. முடிந்தது 2007-ல். மரம் அதை வருடாவருடம் ஆனி ஆடியில் தரையில் கொட்டிக்கொண்டிருக்கிறது.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்காகச் செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி, இரவு முழுக்க 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். வடிகட்டி 100 லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் 5 சதவீதக் கரைசல். மாடித் தோட்டத்துக்கு இதையே இருபதில் ஒரு பங்காகச் செய்யலாம். சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும், ஏனென்றால் அசாடிரக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். பிண்ணாக்கை நாற்றங்காலில் போட்டால் வேரைத் தாக்கும் நூற்புழு குறையும். வேப்பங்கன்று வளர்க்க நினைப்பவர்கள் பழம் விழுந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் கொட்டையை ஊன்றிவிட வேண்டும், வைத்திருந்தால் முளைக்காது.

வெயிலில் சிதைகிறது, சேமித்து வைத்தால் கெடுகிறது என்கிற இந்தக் குறைதான் பிற்பாடு காப்புரிமைக்கு வாசலைத் திறந்தது.

மியூனிக் வழக்கு

ராபர்ட் லார்சன் என்பவர் அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த மர இறக்குமதியாளர். மர வியாபாரத்துக்காக இந்தியா வந்தவர், வேப்பங்கொட்டையின் மேல் ஆர்வம் கொண்டு 1971 முதல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ஆராய்ச்சி செய்யவைத்தார். 'மார்கோசான்-ஓ' என்ற அவருடைய பூச்சி மருந்துக்கு 1985-ல் அங்கே அரசு அனுமதி கிடைத்தது. 1988-ல் உரிமையை டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டார். அந்தக் கம்பெனி கெடாமல் சேமிக்கக்கூடிய அசாடிரக்டின் கரைசலுக்கு 1992-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. கர்நாடகத்தில் தும்கூரில் கூட்டு முயற்சியாகக் கொட்டை பதப்படுத்தும் ஆலையும் வந்தது. சும்மா பொறுக்கிக்கொண்டிருந்த கொட்டைக்கு விலை ஏறி ஏழைகளுக்கு எட்டாமல் போகிறது என்பது எதிர்த்தவர்கள் வைத்த முக்கியமான குற்றச்சாட்டு. 1993-ல் நஞ்சுண்டசாமி தலைமையில் கர்நாடக விவசாயிகள் பெங்களூரில் பெரிய பேரணி நடத்தினார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வேப்பமரத்துக்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. வாங்கியது குறிப்பிட்ட முறைகளுக்கு. கம்பெனியின் வாதமும் அதுதான்: உங்கள் விவசாயி அன்றன்றைக்கு அரைத்துத் தெளிக்கிறார், நாங்கள் செய்வது வேறு. இந்த வாதத்தில் கொஞ்சமும் நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் எதிர்ப்பவர்கள் கோஷத்தோடு நிற்காமல் ஆவணம் தேட வேண்டியதாயிற்று.

ஐரோப்பாவில் பூஞ்சண நோய்க்கான காப்புரிமை 1994 செப்டம்பரில் வழங்கப்பட்டது. 1995-ல் மூன்று பேர் சேர்ந்து ஆட்சேபணை தாக்கல் செய்தார்கள்: இந்தியாவிலிருந்து வந்தனா சிவா, ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் பசுமைக் கட்சியிலிருந்து மாக்தா ஆல்வூட், உலக இயற்கை வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பு சார்பில் லிண்டா புல்லர்ட். மூவருமே பெண்கள். ஐந்து வருடம் இழுத்தது.

பழைய நூல்களையும் விவசாயிகளின் வாக்குமூலங்களையும் கொடுத்தார்கள். எந்த எண்ணெய், எப்படி எடுத்தது, எந்த நோய்க்கு, எத்தனை பங்கு என்று கேட்டால் பழைய நூல் பதில் சொல்லாது. வேம்பு பூச்சிக்கும் நோய்க்கும் நல்லது என்ற அளவோடு நின்றுவிடும். பெரிய எடை பெற்றது வேறு ஒன்று. அபய் ஃபட்கே என்பவர் இந்திய வேளாண் மருந்துத் தொழிலில் இருந்தவர். கொட்டையிலிருந்து கரைப்பான் மூலம் எடுத்த வேப்பெண்ணெயை 1985, 1986 கோடைக் காலங்களில் மகாராஷ்டிரத்தின் புனே, சாங்லி மாவட்டங்களில் விவசாயிகளின் வயல்களில் தெளித்துச் சோதித்ததாகச் சாட்சியம் அளித்தார். காப்புரிமை விண்ணப்பத்துக்கு சில வருடம் முன்பு, பலர் பார்க்க, தேதியோடு, இடத்தோடு நடந்த காரியம். காசி இந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் யு. பி. சிங்கும் விசாரணைக்கு வந்திருந்தார். காப்புரிமை விழுந்தது. கம்பெனி தரப்பின் மேல்முறையீட்டையும் 2005 மார்ச் 8-ல் தள்ளுபடி செய்தார்கள்.

ஆயிரமாண்டுப் பழமையால் முடியாததை இரண்டு கோடைக்கால வயல் சோதனை முடித்துக் கொடுத்தது. பெருமைப்பட வேண்டுமா, வருத்தப்பட வேண்டுமா என்று எனக்கு இன்னமும் முடிவுக்கு வர முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஐரோப்பியச் சட்டத்தில் உலகத்தின் எந்த மூலையில் வெளிப்படையாகச் செய்திருந்தாலும் அது முன்னறிவாகக் கணக்கில் வரும். அமெரிக்கச் சட்டத்தில் அன்று அப்படியில்லை. அச்சில் வந்திருந்தால் எந்த நாடானாலும் சரி, வெறும் பழக்கமாக இருந்தால் அது அமெரிக்காவுக்குள் நடந்திருக்க வேண்டும். சாங்லி வயலில் நடந்தது வாஷிங்டனில் நடக்காதது மாதிரி! 2011-ல் சட்டத்தைத் திருத்தி, 2013 மார்ச் முதல்தான் இந்த வேறுபாட்டை எடுத்தார்கள். 1992 காப்புரிமை ரத்தாகவில்லை. தன் காலம் முடிந்து தானாகக் காலாவதியானது.

வழக்குக்குப் பின்

மஞ்சளுக்கு அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமை 1997-ல் ரத்தானது. அடுத்து வேம்பு. ஒவ்வொன்றுக்கும் வக்கீல் வைத்து வருடக்கணக்கில் வாதாடுவது கட்டுப்படியாகாது என்று இந்திய அரசு 2001-ல் பாரம்பரிய அறிவு மின்னூலகத்தைத் தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம் ஆகியவற்றின் நூல்களில் உள்ள மருந்து முறைகளை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் பெயர்த்து, காப்புரிமைப் பரிசோதகர்கள் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் அடித்தளம் எழுதப்பட்ட நூல்கள்தான். குதிரில் எத்தனை பிடி இலை போட வேண்டும் என்று தெரிந்த பாட்டியும், பின்னல் ரேகையை எந்தப் பக்கம் இழைக்க வேண்டும் என்று தெரிந்த ஆசாரியும் எந்த நூலும் எழுதவில்லையே.

யூரியா விஷயத்தைப் பாருங்கள். யூரியாவோடு வேப்பம்பிண்ணாக்கைக் கலந்து ஒரு இரவு வைத்திருந்து வயலில் போடுவது நம் ஊர் விவசாயிகளுக்குப் பழக்கமான வேலை. யூரியா, ஜிப்சம், பிண்ணாக்கு 5:4:1 என்று வேளாண் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது. யூரியாவின் தழைச்சத்தை நைட்ரேட்டாக மாற்றும் மண் பாக்டீரியாவின் வேகத்தை வேம்பு மட்டுப்படுத்துகிறது, சத்து வீணாவது குறைகிறது. 2015-ல் மத்திய அரசு, உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவதைக் கட்டாயமாக்கியது. மானிய யூரியா தொழிற்சாலைகளுக்குத் திருட்டுத்தனமாகப் போவதைத் தடுப்பதும் ஒரு நோக்கம். அந்த மூட்டைகளைத் தயாரிக்க வேப்பெண்ணெய் வேண்டும், எண்ணெய்க்குக் கொட்டை வேண்டும், கொட்டைக்கு மரம் வேண்டும்.

அந்த மரத்துக்கே இப்போது நோய். 2021-ல் தெலங்கானாவில் ஊர் ஊராக வேப்பமரங்களின் கிளை நுனிகள் பழுப்பாகிக் காய்ந்தன. நுனியிலிருந்து பின்னோக்கிக் காயும் இந்த நோய்க்குக் காரணம் 'ஃபோமாப்சிஸ்' என்ற பூஞ்சணம். தேயிலைக் கொசு என்னும் பூச்சி சாறு உறிஞ்சுவதும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்நாட்டிலும் இந்தக் காய்ச்சலைப் பார்க்கலாம். பெரிய மரங்கள் பலவும் மழைக்குப் பின் மறுபடி துளிர்த்துவிடுகின்றன. ஆனால் நோய் பூவையும் காயையும் தாக்கும்போது அந்த வருடம் கொட்டை விழுவதில்லை. எந்தப் பூஞ்சண நோயைத் தடுக்கும் உரிமை யாருக்கு என்று மியூனிக்கில் பத்து வருடம் வழக்காடினார்களோ, அந்தப் பூஞ்சணக் கூட்டத்தில் ஒன்றுதான் இப்போது மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. நோய் கண்ட நாற்றுகளுக்கும் இளம் மரங்களுக்கும் வேளாண் துறையினர் பூஞ்சணக் கொல்லி தெளிக்கச் சொல்கிறார்கள். அது வேப்பெண்ணெய் அல்ல, கடையில் விற்கும் கார்பன்டாசிம்.